வீட்டுக் கணினியில் எஸ்எம்எஸ் சர்வர்: 90 பிள்ளைகளுக்கு ஒரு சிம் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். டியூஷன் சென்டர் நடத்துகிறீர்கள், 90 பிள்ளைகள். பெற்றோரில் பாதிப் பேரிடம் பட்டன் போன்தான், அதனால் வாட்ஸப் குரூப் எடுபடவில்லை. வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப்பும் சிம் போட்டு இன்டர்நெட் எடுக்க எப்போதோ வாங்கிய யுஎஸ்பி டாங்கிளும் சும்மா கிடக்கின்றன. பல்க் எஸ்எம்எஸ் கம்பெனிக்குப் பணம் கட்டாமல், அந்தக் கணினியையே சர்வராக்கி, யார் வரவில்லை, என்றைக்குப் பரீட்சை, எவ்வளவு மதிப்பெண் என்று தினமும் அனுப்ப முடியுமா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கணினியிலிருந்து எஸ்எம்எஸ் போகுமா என்றால், போகும், ஒரு சாயங்கால வேலை. 90 பேருக்கும் தினமும் அனுப்ப அது தாங்குமா என்பதுதான் வேறு கதை, அதற்குப் பதில் கொஞ்சம் நீளம்.

2010 வாக்கில் இருந்து இந்த மாதிரிப் பெட்டிகளை அமைத்துக் கொடுத்து வருகிறேன். ஒரு பால் சொசைட்டி, ஒரு சின்ன கிளினிக், ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் என்று சில இடங்களில் வருஷக்கணக்கில் ஓடியிருக்கின்றன. டெலிகாம் கம்பெனியில் வேலை பார்த்தவன் இல்லை. டவருக்கு இந்தப் பக்கம் நடப்பதைத்தான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன், அந்தப் பக்கம் நடப்பது படித்துத் தெரிந்துகொண்டது.

சர்வர் என்ற சொல்லே இங்கே கொஞ்சம் ஏமாற்றும். உங்கள் மெசேஜை வாங்கி வைத்து, எதிராளியின் போன் அணைந்திருந்தால் காத்திருந்து, பிறகு கொண்டு சேர்க்கும் உண்மையான சர்வர் ஆபரேட்டரிடம் இருக்கிறது. அதற்கு எஸ்எம்எஸ்சி என்று பெயர், அதன் எண் உங்கள் சிம்முக்குள்ளேயே பதிந்திருக்கும். வீட்டில் நீங்கள் வைப்பது கட்டைவிரல் இல்லாமல் டைப் அடிக்கும் ஒரு போன், அவ்வளவுதான். இதில் புதுமையும் இல்லை. உலகின் முதல் எஸ்எம்எஸ்ஸே கணினியிலிருந்து போனதுதான். 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளம் இன்ஜினியர் வோடஃபோன் நெட்வொர்க்கில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பியபோது, போன்களில் மெசேஜ் டைப் அடிக்கும் வசதியே வந்திருக்கவில்லை. இதில் இன்னொரு சௌகரியம், இன்டர்நெட்டே தேவையில்லை. சாட் சர்வரை வீட்டில் வைக்க நினைப்பவர்கள் பப்ளிக் ஐபி, அதாவது வெளியிலிருந்து வீட்டுக் கணினியை எட்டும் இணைய முகவரி, கிடைக்காமல் அல்லாடுவார்கள். எஸ்எம்எஸ் ரேடியோ வழியாகப் போவதால், டவர் சிக்னல் இருந்தால் போதும், பிராட்பேண்டு அறுந்து கிடந்தாலும் வேலை நடக்கும்.

சரி, டாங்கிள். பழைய 3ஜி டாங்கிள்களில் பெரும்பாலானவை இதற்கு அருமையானவை. கணினியில் செருகினால் முதலில் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று காட்டிக்கொள்ளும், ஏனென்றால் விண்டோஸ் டிரைவரை அதற்குள்ளேயே வைத்து விற்றார்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸில் யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சின்ன நிரல் அதைத் தட்டி மோடமாக மாற்றிவிடும், டெபியன், உபுண்டு போன்ற இன்றைய லினக்ஸ் வகைகளில் கிடைக்கிறது. மாறியதும் டிடிஒய்யுஎஸ்பி 0, 1, 2 என்று இரண்டு மூன்று போர்ட்கள் தெரியும். அதில் ஒன்றில்தான் கட்டளைகள் வேலை செய்யும். எது என்று தட்டிப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும், மாடலுக்கு மாடல் மாறும். ஹைலிங்க் வகை டாங்கிள் என்றால் இந்தப் போர்ட்களே தெரியாது. அது தன்னை நெட்வொர்க் கார்டாகக் காட்டிக்கொண்டு, பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறக்கும். அதிலும் வழி உண்டு, ஆனால் முதல் முயற்சிக்கு வேண்டாம்.

அடுத்தது எந்த சிம் என்பது. ஜியோவிடம் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. அதனால் பழைய டாங்கிளில் ஜியோ சிம் போட்டால் நெட்வொர்க்கே பிடிக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஏர்டெல் 3ஜியை மூடிவிட்டாலும் 2ஜியை வைத்திருக்கிறது, எஸ்எம்எஸ்ஸுக்கு 2ஜியே தாராளம். ஆன்லைனில் மலிவாக விற்கும் சிம்800 என்ற 2ஜி மோடம் போர்டை வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: சிக்னல் அனுப்பும் கணத்தில் அது 2 ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கும். கணினியின் யுஎஸ்பி துளையிலிருந்து மட்டும் மின்சாரம் கொடுத்தால், எல்லாம் சரியாக இருப்பது போலவே இருந்து, மெசேஜ் அனுப்பும் நேரத்தில் மட்டும் விளக்கு அணைந்து மறுபடி எரியும். சாஃப்ட்வேர் கோளாறு என்று நினைத்து நாள் முழுக்கத் தேடுவீர்கள், கோளாறு அடாப்டரில் இருக்கும்.

எந்த சாஃப்ட்வேரையும் நிறுவுவதற்கு முன்னால் மோடமுடன் நேரடியாக ஒருமுறை பேசிப் பாருங்கள். மினிகாம் போன்ற ஒரு டெர்மினலில் அந்தப் போர்ட்டைத் திறந்து, ஏடி என்ற இரண்டு எழுத்தை ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். ஓகே என்று பதில் வந்தால் மோடம் உயிரோடு இருக்கிறது. அடுத்து ஏடி+சிஎஸ்க்யூ. 17 என்று வந்தால் நல்ல சிக்னல், 10க்குக் கீழே என்றால் டாங்கிளை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள், 99 என்றால் எதுவும் பிடிபடவில்லை. பிறகு ஏடி+சிஎம்ஜிஎஃப்=1, இது மோடமை டெக்ஸ்ட் முறைக்கு மாற்றும். ஏடி+சிஎம்ஜிஎஸ் என்று போட்டு, சமக்குறி போட்டு, மேற்கோளுக்குள் உங்கள் சொந்த எண்ணைக் கொடுத்தால், அடுத்த வரியில் ஒரு அம்புக்குறி காத்திருக்கும். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை அடித்து கன்ட்ரோல் இசட் அழுத்துங்கள். மூன்று நான்கு விநாடி மௌனம், அப்புறம் ஒரு எண் வரும், அதன் கீழே ஓகே. அதே நேரம் பையில் இருக்கும் போன் சத்தம் போடும். எத்தனை முறை செய்திருந்தாலும் எனக்கு அந்த இடம் இன்னும் பிடிக்கும்.

அந்த ஓகேவை நம்பிவிடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஸ்எம்எஸ்சி மெசேஜை வாங்கிக்கொண்டது என்பதுதான் அதன் பொருள், பெற்றோர் கைக்குப் போய்விட்டது என்பதல்ல. போய்ச் சேர்ந்ததா என்று தெரிய டெலிவரி ரிப்போர்ட் கேட்க வேண்டும், அதுவும் எல்லா நேரமும் ஒழுங்காக வருவதில்லை. ரிப்போர்ட் வந்தால் நம்பலாம், வராவிட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

கையால் பேசியது போதும் என்றானபின் கம்மு. பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் பெயருக்கேற்றபடி கம்மென்று மூலையில் வேலை பார்க்கும் இலவச மென்பொருள் அது. அதன் எஸ்எம்எஸ்டி என்ற பகுதி எப்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸுடன் இணைத்துவிட்டால் வந்தவை இன்பாக்ஸ் டேபிளிலும், போக வேண்டியவை அவுட்பாக்ஸிலும், போனவை சென்ட்ஐட்டம்ஸிலும் சேரும். அவுட்பாக்ஸில் நேரடியாக வரி எழுதலாம் என்று சிலர் சொல்வார்கள். நீளமான மெசேஜ் வரும்போது அது சொதப்பும், இன்ஜெக்ட் என்ற கட்டளை வழியாகவே போடுங்கள். தமிழுக்கு யூனிகோட் என்ற குறிப்பைச் சேர்க்க வேண்டும், நீளத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு மெசேஜ் அளவோடு வெட்டிவிடும். கன்னல், எஸ்எம்எஸ் சர்வர் டூல்ஸ் என்று வேறு மென்பொருள்களும் உண்டு. கன்னல் ஆபரேட்டரோடு நேரடி இணைப்பு வைத்திருப்பவர்களுக்கானது, ஒரு டாங்கிளுக்கு அது பல்லாங்குழி ஆட கிரானைட் மேடை கட்டுவது போல.

நிறுவும்போது எல்லாருக்கும் இடறுகிற இடங்கள் மூன்று. லினக்ஸில் மோடம்மேனேஜர் என்ற ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டு போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும், அதை நிறுத்துங்கள். உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்க்காவிட்டால் அனுமதி இல்லை என்று வரும். மூன்றாவது மின்வெட்டு. கரண்ட் போய் வந்ததும் நேற்று 0 என்றிருந்த போர்ட் இன்று 2 ஆகியிருக்கும். அந்த எண்ணைக் கான்ஃபிக் ஃபைலில் எழுதாமல், டிவைஸ் அடைவுக்குள் சீரியல், பை-ஐடி என்ற உள்ளடைவில் இருக்கும் நீளமான பெயரை எழுதினால் எத்தனை முறை கரண்ட் போனாலும் மாறாது.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட், அதாவது 1120 பிட். நெட்வொர்க்குக்குள் போனும் டவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சிக்னல் வழியில் அது போவதால் வந்த அளவு. ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், அதனால் 160 எழுத்து கொள்கிறது. தமிழுக்கு ஒவ்வொன்றுக்கும் 16 பிட், அதனால் 70. தாண்டினால் இரண்டாக உடையும். உடைந்த துண்டுகளைச் சேர்த்துக் காட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் வேண்டும், அதனால் ஒரு துண்டுக்கு 67 ஆகிவிடும். சிக்கல் என்னவென்றால், நாம் எண்ணும் எழுத்து வேறு, கணினி எண்ணும் எழுத்து வேறு. ‘உங்கள் மகன் இன்று வகுப்புக்கு வரவில்லை’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது 21 எழுத்து, 4 இடைவெளி, மொத்தம் 25. கணினிக்கு ங் என்பது ங ஒன்று, புள்ளி ஒன்று. வி என்பது வ ஒன்று, இகரக் குறி ஒன்று. அந்த வாக்கியத்தில் இப்படி 13 குறிகள் இருப்பதால் 38 ஆகிறது. பிள்ளையின் பெயர், தேதி, கீழே உங்கள் சென்டரின் பெயர், எல்லாம் சேர்த்தால் 70 என்ற கோடு கண் எதிரே கடந்து போகும். சில கீபோர்டுகள் ‘கொ’வில் இருக்கும் ஒற்றைக் குறியை இரண்டு குறிகளாகப் பிரித்து அடிக்கும், பார்வைக்கு ஒன்றாகவே தெரியும், கணக்கில் ஒன்று கூடும். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் பொறி உண்டு. கட்டணம் பற்றி எழுதும்போது ₹ குறியைப் போட்டுவிட்டால், அது 7 பிட் பட்டியலில் இல்லாத குறி என்பதால், முழு மெசேஜும் 70 எழுத்துக் கணக்குக்கு இறங்கிவிடும்.

இந்தத் தொல்லையைத் தீர்க்க 7 பிட்டிலேயே தமிழை அடக்கும் அட்டவணை ஒன்றை ஜிஎஸ்எம் தரக்குழு வகுத்திருக்கிறது, தமிழோடு இந்தி, தெலுங்கு, மலையாளம் முதலியவற்றுக்கும் உண்டு. காகிதத்தில் அழகான ஏற்பாடு. எதிர்முனை போனும் அதைப் புரிந்துகொண்டால்தான் பயன், பட்டன் போன்களை வைத்து அதன்மேல் பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

இப்போது பெருக்கிப் பாருங்கள். வழக்கமான ப்ரீபெய்டு பிளானில் நாளைக்கு 100 எஸ்எம்எஸ். 90 பெற்றோருக்குத் தமிழில் இரண்டு துண்டு மெசேஜ் என்றால் 180. பாதி வழியில் நின்றுவிடும், அல்லது மீதிக்குத் தனியாகக் காசு பிடிக்கும். எந்த 40 பேருக்குப் போகவில்லை என்று தேடுவதற்குள் அடுத்த வகுப்பு வந்துவிடும்.

எண்ணிக்கையைவிடப் பெரியது விதி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிமுறைப்படி, வியாபார நோக்கில் போகும் மெசேஜ்களை அனுப்புகிறவர் டிஎல்டி என்ற ஆபரேட்டர்களின் பதிவுத் தளத்தில் தன்னைப் பதிந்து, அனுப்புநர் பெயரையும் மெசேஜ் மாதிரியையும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவைக்க வேண்டும். 2021 மார்ச்சில் இதைக் கண்டிப்பாக அமல்படுத்தத் தொடங்கியபோது வங்கி ஓடிபிகளே நாடு முழுக்கத் தடைபட்டு, ஒரு வாரம் நிறுத்திவைத்தார்கள். பதிவு இல்லாமல் பத்து இலக்க எண்ணிலிருந்து அனுப்புகிறவர்கள்மேல் 1909 என்ற புகார் எண்ணுக்குப் புகார் போனால் நடவடிக்கை. முன்பு 7 நாளில் 10 புகார் வந்தால் என்றிருந்தது, 2025 பிப்ரவரியில் செய்த திருத்தத்தில் 10 நாளில் 5 புகார் என்று இறுக்கிவிட்டார்கள். ‘உங்கள் பிள்ளை இன்று வரவில்லை’ என்பதை எந்தப் பெற்றோரும் புகார் செய்யப் போவதில்லை. ‘கோடை வகுப்புக்கு அட்மிஷன் நடக்கிறது’ என்பது அப்பட்டமான விளம்பரம், அதை இந்தப் பெட்டியிலிருந்து அனுப்பவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கட்டண நினைவூட்டல் போன்றவை எந்தப் பக்கம் விழும் என்பதில் நான் தீர்ப்பு சொல்ல முடியாது, வக்கீல் இல்லை. நானாக இருந்தால் அனுப்ப மாட்டேன். 90 பேருக்கும் தினமும் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் டிஎல்டி பதிவோடு ஒரு பல்க் எஸ்எம்எஸ் கம்பெனிதான் நேர்வழி. 16 சிம் போடும் மோடம் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது ஆசை காட்டினால் காதில் வாங்காதீர்கள். வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் அழைப்பு போலக் கடத்தும் சிம் பாக்ஸ் மோசடி என்று போலீஸ் தேடுவது அந்த மாதிரிக் கருவிகளைத்தான், உங்கள் நோக்கம் நல்லது என்று வாசலில் நின்று விளக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் பெட்டியே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் திசையை மாற்றிப் போடுங்கள். இது பேசுவதைவிடக் கேட்பதில் கெட்டி. பால் சொசைட்டியில் அப்படித்தான் செய்தோம். முதலில் தினமும் எல்லாருக்கும் எத்தனை லிட்டர், என்ன கொழுப்பு என்று அனுப்பினோம், ஒரு மாதத்தில் மூச்சு வாங்கியது. பிறகு உறுப்பினர் எண்ணை மட்டும் மெசேஜாக அனுப்பினால் கணக்கு திரும்பி வரும்படி மாற்றினோம். நாளைக்குப் பதினைந்து இருபது பேர்தான் கேட்டார்கள், சண்டை வந்த நாட்களில் மட்டும் கொஞ்சம் கூடும். ஆப்பிரிக்காவிலும் இதே யோசனைதான் பலித்தது. மலாவியில் நமிட்டெட்டே என்ற ஊரின் கிராமத்து ஆஸ்பத்திரியில், 2008 வாக்கில் ஜோஷ் நெஸ்பிட் என்ற மாணவர் ஒரு லேப்டாப், ஒரு மோடம், நூறு பழைய போன்கள், ஃப்ரன்ட்லைன்எஸ்எம்எஸ் என்ற இலவச மென்பொருள், இவற்றை வைத்துச் சுகாதாரப் பணியாளர்கள் நோயாளிகளைப் பற்றி மெசேஜில் தகவல் சொல்ல ஏற்பாடு செய்தார். உங்களுக்கு இதை இப்படிப் பொருத்தலாம்: அன்றைக்கு வராத ஆறேழு பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும் தானாக மெசேஜ் போகட்டும். மதிப்பெண் வேண்டுபவர்கள் ரோல் நம்பரை அனுப்பிக் கேட்டு வாங்கட்டும். கம்முவில் ரன்ஆன்ரிசீவ் என்ற இடத்தில் ஒரு சின்ன பைதான் நிரலைக் காட்டிவிட்டால், மெசேஜ் வரும்போதெல்லாம் அது ஓடும், முப்பது நாற்பது வரிக்குமேல் போகாது. நூறு என்ற எல்லையை நீங்கள் நினைத்துப் பார்க்கவே தேவைப்படாது.

பதில் சொல்லும் பெட்டி வைக்கும்போது நான் பட்டதைக் கேட்டுக்கொள்ளுங்கள். லாரி புக்கிங் ஆபீஸில், எந்த மெசேஜ் வந்தாலும் ‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்று பதில் போகும்படி வைத்திருந்தேன். ஒரு நாள் ராத்திரி எங்கிருந்தோ ஒரு மெசேஜ் வந்தது. என் பெட்டி பதில் போட்டது. எதிர்முனையிலும் என்னைப் போலவே ஒரு புத்திசாலி ஆட்டோ ரிப்ளை வைத்திருந்திருக்கிறான், அது என் பதிலுக்குப் பதில் போட்டது. விடிய விடிய இரண்டு பெட்டிகளும் ஒன்றுக்கொன்று ‘செய்தி கிடைத்தது’, ‘நன்றி’ என்று உபசாரம் பண்ணிக்கொண்டே இருந்தன. காலையில் பேலன்ஸ் பூஜ்யம், முதலாளி போன். அன்றிலிருந்து இரண்டு கட்டுப்பாடு வைப்பேன்: பட்டியலில் இருக்கும் எண்ணுக்கு மட்டும் பதில், ஒரு எண்ணுக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்துக்குமேல் கிடையாது. உங்களுக்கு முதல் கட்டுப்பாடு வேறொரு காரணத்துக்கும் தேவை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் ரோல் நம்பரை யாரும் தட்டிப் பார்க்கலாம், பெற்றோர் எண்ணோடு பொருந்தினால் மட்டும் மதிப்பெண்ணைச் சொல்லுங்கள். அனுப்புநர் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும் என்பதால், மதிப்பெண்ணைத் திருத்துவது மாதிரி வேலைகளை எஸ்எம்எஸ் வழியாக வைக்கவே வேண்டாம்.

வந்த மெசேஜ்களைப் படித்ததும் சிம்மிலிருந்து அழியும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். சிம்முக்குள் இடம் சில டஜன் மெசேஜ்களுக்குத்தான் இருக்கும். கம்மு ஒழுங்காக ஓடினால் தானே அழித்துவிடும். நின்றுபோயிருந்தால் கம்பெனி விளம்பரங்களே அந்த இடத்தை நிரப்பி, பெற்றோர் மெசேஜ் உள்ளே வராமல் வெளியே நிற்கும்.

டாங்கிளோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லையென்றால் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் எஸ்எம்எஸ் கேட்வே ஆப் போட்டு, வீட்டு வைஃபை வழியாகக் கணினியோடு இணைப்பதும் ஒரு வழி. 4ஜி போன் என்றால் ஜியோ சிம்மும் அதில் வேலை செய்யும். ஆனால் ஒரு ஆப் அரை மணி நேரத்தில் 30 எஸ்எம்எஸ்ஸுக்குமேல் அனுப்பினால் ஆண்ட்ராய்டு குறுக்கே வந்து அனுமதி கேட்கும், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அங்கேயே நிற்கும். இரவும் பகலும் சார்ஜரிலேயே இருக்கும் போனின் பேட்டரி ஒரு வருஷத்தில் உப்பிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன், மாதம் ஒருமுறை முதுகைத் தடவிப் பாருங்கள்.

கணினி பழையதானாலும் பரவாயில்லை, 1 ஜிபி ராம் இருந்தால் டெபியனும் கம்முவும் சௌகரியமாக ஓடும். டாங்கிளின் மூடியைக் கழற்றினால் சிம் போடும் இடத்துக்குப் பக்கத்தில் மாடல் எண் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். அதையும், எந்த ஆபரேட்டர் சிம் போடப் போகிறீர்கள் என்பதையும் பதிலில் எழுதுங்கள். ஹைலிங்க் வகையா, எந்தப் போர்ட்டில் முதலில் தட்டிப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.